இரண்டாவது ஆளின் ஆட்டம்

"எங்கனா மரத்துப்போன எடம் இருக்குதா, பாப்பா?"

வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்த ஆஸ்பத்திரி சௌந்தரம் அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. 1982, புரட்டாசி மாதம். எங்கள் வாசலில் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டாலே பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். தொட்டால் தெரியாத விரல் என்றால் அது குஷ்டம் என்றுதான் எங்களுக்கு அர்த்தம். மாத்திரை தின்றால் சரியாகிவிடும் என்று அக்கா சொல்வார். சரியாகியும் இருக்கிறது, எங்கள் தெருவிலேயே. ஆனால் அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு அப்புறம் யாரும் வரமாட்டார்கள்.

என் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

நான் எழுதுவது நடந்தது. கதை கட்டும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. நாலு பேர் இருந்தால் எனக்குப் பேச்சே வராது. என் பெயர் பூரணி. அம்மா தனகோடியும் அண்ணன் லோகநாதனும் ஆம்பூருக்கு வெளியே தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை பார்த்தார்கள். அம்மா தோல் காயப்போடும் மைதானத்தில். அண்ணன் எலக்ட்ரீஷியன். அப்பா இல்லை. நம்பாதவர்கள் நம்பவேண்டாம். படிக்கும்போது இடது கையை அவ்வப்போது கிள்ளிப் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

அந்தப் பெட்டி அந்த வருஷம் ஆனிக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து தோல் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு டேனரியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருந்தது. அதை இடித்துவிட்டு ஷூவின் மேல்பாகம் தைக்கிற ஷெட் கட்டப்போனார்கள். உள்ளே வருஷக்கணக்காகப் படுதா போட்டு மூடிக் கிடந்த பெட்டியை, "எடுத்துக்கினு போறவன் போலாம்" என்று சொன்னார்களாம். மற்றவர்கள் யாரும் கிட்டவே போகவில்லை. அண்ணன் எடுத்துக்கொண்டான். பச்சைத் தோல் ஏற்றுகிற மாட்டுவண்டியில் வந்து இறங்கியது.

"இன்னாடா லோகு இது? நாலு காலு, மேல கண்ணாடி... பொணம் வெக்கிற பொட்டி கணக்கா கீது!" என்றாள் அம்மா.

"பின்பால்மா. வெள்ளக்காரன் வெளையாடுறது."

"வெள்ளக்காரன் வெளையாடினா ஒனக்கின்னா? வூட்ல ஒரு கட்டில் போட எடம் கெடையாது."

"கட்டில் எப்ப வேணா போட்லாம். இது கெடைக்குமா?"

பின்கட்டு அறையில் வைத்தார்கள். தெருவில் அதற்குக் குண்டுப் பொட்டி என்று பெயர் விழுந்தது. சாய்ந்த மேஜை மாதிரி ஒரு பெட்டி. தலைப்பக்கம் நிமிர்ந்து நிற்கும் கண்ணாடிப் பலகை. அதில் தொப்பி போட்ட ஒரு பெண் சீட்டுக்கட்டை விசிறியாகப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இரண்டு பக்கமும் எண் சக்கரங்கள். இடப்பக்கம் முதல் ஆளுக்கு. வலப்பக்கம் இரண்டாவது ஆளுக்கு. யாருடைய முறையோ அவருடைய எண்ணுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரியும். கீழ்ப்பக்க மூலையில் சுருள்வில் வைத்த ஒரு கைப்பிடி; அந்த வில்லை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடும். குமிழ்களில் மோதி மணி அடிக்கும். உருண்டு கீழே வரும். அது விழுந்துவிடாமல் தட்ட இடதும் வலதுமாக இரண்டு சின்ன மட்டைகள். மட்டைகளை ஆட்டப் பெட்டியின் இரு பக்கமும் ஒவ்வொரு பொத்தான். அவ்வளவுதான் விளையாட்டு.

அமெரிக்க மெஷின் என்பதால் நம் ஊர்க் கரண்ட் ஆகாதாம். அண்ணன் உட்கார்ந்து தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றினான். இற்றுப்போன ரப்பர் வளையங்களுக்குப் பதில் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினான். காசு போடும் ஓட்டையை அடைத்து ஒரு காலிங் பெல் சுவிட்ச் வைத்தான்.

"ஒரு தபா அமுக்கினா ஒரு ஆள். ரெண்டு தபா அமுக்கினா ரெண்டு ஆள், மாத்தி மாத்தி ஆடணும். புரிஞ்சிதா?"

தலையாட்டினேன்.

நான் இடதுகைக்காரி. கூட்டுவது, ஊசி கோர்ப்பது, எழுதுவது எல்லாம் அந்தக் கையில்தான். எட்டாவது படிக்கும்போது இங்கிலீஷ் டீச்சர் அந்தக் கையை என் தலைரிப்பனாலேயே பெஞ்சுக் காலோடு கட்டிவைத்தார். மூன்று நாள் கட்டினார். நாலாம் நாள் நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் வரவுமில்லை. வீட்டிலும் அம்மாவுக்கு அது பீச்சாங்கைதான். "போற எடத்துல மாமியாக்காரி இன்னா சொல்லுவா? பீச்சாங்கையால சோறு போடுறவள எவன் கட்டுவான்?" என்பாள். அந்தக் கையால் நான் செய்த எதையும் ஒருவரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. பெட்டியில் மட்டும் இடது மட்டை என் சொல் கேட்டது.

அப்போது குடியாத்தத்திலிருந்து ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். லுங்கித் தறி ஓட்டுகிற குடும்பம். ஆவணியில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அந்த வீட்டில் தோல் வாடை இருக்காது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. என்னிடம் இருப்பது இரண்டு கை. அதைக் கொண்டுபோய்த்தான் அங்கே பிழைக்கவேண்டும். அது தெரிந்திருந்தது.

டேனரியில் மத்தியானச் சங்கு ஊதி ஆட்கள் உள்ளே போனதும் எங்கள் தெரு காலியாகிவிடும். அப்புறம் சாயந்திரச் சங்கு வரை நான் தனி. அந்த நேரத்தில்தான் ஆடுவேன்.

ஆடி பிறந்த வாரம். சுவிட்சை ஒரு தரம் அமுக்கினேன். 'டக்' என்று முதல் ஆள் விளக்கு எரிந்தது. வில்லில் கை வைத்தேன்.

இன்னொரு 'டக்'.

பெட்டி இரண்டு ஆள் ஆட்டத்துக்குத் தயாராகிவிட்டது. நான் இரண்டாம் தரம் அமுக்கவில்லை.

அன்று மட்டுமல்ல. அதற்கப்புறம் எப்போது அமுக்கினாலும் இரண்டு ஆள்தான். அண்ணனிடம் சொன்னேன்.

"ரிலே ஒட்டிக்கினு கீது. டேனரி உப்புக் காத்து, எல்லா காண்டாக்ட்டும் பூத்துப்போவுது," என்றான். "அது பாட்டுக்கு வுடு. அந்த ரெண்டாவது ஆள் ஆட்டத்தயும் நீயே ஆடிடு."

அப்படியே செய்தேன். என் முறை, அந்த ஆளின் முறை, இரண்டையும் நானே ஆடினேன். பத்துப் பன்னிரண்டு நாள்.

ஒரு நாள் இரண்டாவது ஆளின் முறை வந்தபோது அடுப்பில் பால் பொங்கியது. அப்படியே விட்டு ஓடினேன். பால் சட்டியை இறக்கும்போது பின்கட்டிலிருந்து சத்தம் வந்தது.

கிர்ர்ர்க்...

வில் பின்னால் போகிற சத்தம். அப்புறம் 'டங்' என்று குண்டு கிளம்பும் சத்தம். மணி. மணி. மணி.

திரும்பி வந்து பார்த்தேன். அறையில் யாரும் இல்லை. வலப்பக்கச் சக்கரத்தில் 410 என்று நின்றது. விளக்கு என் பக்கம் மாறியிருந்தது. என் முறை. பெட்டி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பயம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஏன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. அந்த வீட்டில் என் முறை என்று யாரும் எனக்காகக் காத்திருந்ததில்லை. வில்லை இழுத்தேன். ஆடினேன். பிறகு ஒதுங்கி நின்றேன்.

வில் தானாகப் பின்னால் போனது.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். நான் ஆடுவேன், ஒதுங்குவேன். அது ஆடும். சுவரோரம் நின்று பார்ப்பேன். நாலைந்து நாளில் ஒன்று கவனித்தேன். அந்த ஆள் வலது மட்டையைத்தான் ஆட்டுவார். 'டப்... டப்...' என்று வலப்பக்கம் மட்டும். இடது மட்டை அசையவே அசையாது. இடப்பக்கம் வரும் குண்டெல்லாம் அப்படியே விழுந்துவிடும். அதனால் எப்போதும் நான்தான் ஜெயித்தேன்.

பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆடிப் பதினெட்டு கழிந்த மறுவாரம் என்று நினைக்கிறேன். அந்த ஆளின் குண்டு இடப்பக்கமாக மெல்ல உருண்டு வந்தது. விழப்போகிறது. யோசிக்கவே இல்லை. எட்டி, இடது பொத்தானை நான் அமுக்கிவிட்டேன். குண்டு மேலே பறந்தது. குமிழ் குமிழாக மோதியது. அந்த ஆள் முதல் தரம் ஜெயித்தார்.

'டிங்' என்று மணி தனியாக ஒரு தரம் அடித்தது. அது எண்ணுக்கான மணி இல்லை.

மறுநாள் காலை கோலம் போடும்போது என் இடது கைச் சுண்டுவிரலில் மாவு ஒட்டியிருந்தது. ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை.

ஒரு வாரத்தில் மோதிரவிரல். அப்புறம் உள்ளங்கை. ஒரு நாள் தோசைக்கல்லை வெறும் கையால் நகர்த்திவிட்டேன். கொப்புளம் வந்தபிறகுதான் பார்த்தேன். வலிக்கவில்லை. அழுகையும் வரவில்லை. எண்ணெய் தடவிக்கொண்டு அடுத்த தோசையை ஊற்றினேன்.

கை அசையும். பிடிக்கும். ஆனால் எதைப் பிடித்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. டம்ளர் நழுவி விழுந்தது. ஊசி விழுந்தது. அதனால் எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். தட்டுத்தடுமாறித்தான். அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"பாத்தியாடா லோகு! நான் வாயால சொன்னப்ப எல்லாம் கேக்கல. வரன் வருதுன்னதும் பொண்ணுக்குத் தானா புத்தி வந்துட்ச்சி! சோத்தாங்கையால கரண்டி புடிக்கிறா!"

அவ்வளவு சந்தோஷம். வளையல்காரனைக் கூப்பிட்டு வலது கை நிறைய வளையல் போட்டுவிட்டாள். எனக்கு நினைவு தெரிந்து அம்மா என் தலையைத் தடவியது அன்றைக்குத்தான். நான் அவளிடம் எப்படிச் சொல்வேன்?

ஆவணியில் குடியாத்தத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கெங்கம்மாள் பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். வலது கையால் காபி கொடுத்தேன்.

"எங்க வூட்ல தறிக்கு தார்க்குச்சில நூலு சுத்தணும்மா. அதுக்கு ரெண்டு கையும் வேலைக்கு ஆவணும். ஒரு கை ராட்டைல, ஒரு கை நூல்ல. நூலு ஓடுறது வெரலுக்குத் தெரியணும். இல்லாட்டி அறுந்துக்கினே கெடக்கும்," என்றார்.

"எம்பொண்ணுக்குத் தெரியாத வேலயே கெடையாது சம்பந்தி," என்று சிரித்தாள் அம்மா. "ரெண்டு கையும் சும்மா இருக்காது."

ஐப்பசியில் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள்.

அன்று ராத்திரி அண்ணனிடம் மட்டும் சொன்னேன். கையைப் பற்றி இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. பெட்டி தானாக ஆடுகிறது என்று சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"டேனரில தோல் ஊறுற டிரம் ஓடுற அதிர்வு இங்க வரைக்கும் வருது மே. அதுல வில்லு கழண்டுக்கும்." அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்துபோய்க் கண்ணாடியைக் கழற்றினான். இரும்புக் குண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "இந்தா. குண்டு எங்கிட்ட. இப்ப ஆடச் சொல்லு, உன் தோஸ்த்த!"

காலையில் குண்டோடு வேலைக்குப் போய்விட்டான். மத்தியானச் சங்கு ஊதியது. முற்றத்தில் ஆட்டுக்கல்லில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். வலது கையால் குழவி. இடது கையால் மாவைத் தள்ளினேன். மேகமூட்டம். தெருவில் நாய்கூட இல்லை.

கிர்ர்ர்க்...

கை நின்றது.

டங்.

குண்டு இல்லை. குண்டு அண்ணனின் பையில் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

ஆனாலும் குண்டு உருளுகிற சத்தம் கேட்டது. மரத்தின்மேல் இரும்பு உருளும் சத்தம். மணி... மணி... சக்கரம் சுற்றும் 'கடகட'.

எழுந்து போனேன். நிலைப்படியில் நின்றேன்.

பெட்டி முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குள்ளே வெறும் பலகை. எதுவும் ஓடவில்லை. குமிழ்கள் மட்டும் ஒன்றுவிட்டு ஒன்று மின்னின... ஏதோ மோதுவதுபோல. இரண்டாவது ஆளின் சிவப்பு விளக்கு.

டப்... வலது மட்டை.

டப்... வலது மட்டை.

டப்...

இடது மட்டை.

அது அதுவரை அசைந்ததே இல்லை.

டப்... இடது. டப்... வலது. டப்... இடது. நன்றாக ஆடினார். என்னைவிட நன்றாக. எண் ஏறிக்கொண்டே போனது. ஆயிரத்தைத் தாண்டியது.

என் தொடைப்பக்கம் பாவாடை அசைந்தது.

குனிந்து பார்த்தேன்.

என் இடது கை... மாவு ஒட்டிய அந்தக் கை... விரல்கள் மடங்கி நீண்டன.

டப். மடங்கின.

நீண்டன.

டப். மடங்கின.

நான் மடக்கவில்லை.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேறு யாருடைய கையோ என் தோளில் தொங்குவதைப்போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வலது கையால் பிளக்கைப் பிடுங்கினேன்.

பெட்டி அணைந்தது.

விரல்கள் இன்னும் இரண்டு தரம் மடங்கி நீண்டன... அப்புறம் நின்றன.

சாயந்திரச் சங்கு ஊதும் வரை முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். மாவு காய்ந்துபோனது. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையைக் காட்டினேன். அவன் கிள்ளினான். மறுபடி கிள்ளினான். அவன் முகம் மாறியது. பெட்டியின் ஒயரை அடியோடு வெட்டிவிட்டான். பேய் பிசாசு என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தோன்றுவதுதான் அவனுக்கும் தோன்றியது.

"அம்மாட்ட சொல்லாத," என்றான். "கல்யாணம் முடியட்டும். அப்பறம் மாத்திரை வாங்கிக்கலாம்."

அதற்குள்தான் சௌந்தரம் அக்கா வந்தார்.

நான் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "கண்ண மூடிக்கோ பாப்பா. நான் தொடுற எடத்த வெரலால காட்டு," என்றார். பஞ்சால் வலது கையைத் தொட்டார். காட்டினேன். கன்னம். காட்டினேன். அப்புறம் வெகு நேரம் ஒன்றும் செய்யாமல் நிற்பதுபோல இருந்தது. கண்ணைத் திறந்தேன். என் இடது உள்ளங்கையில் குண்டூசி வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு ரத்தம் வந்திருந்தது. பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள்.

அம்மா கத்தவில்லை. என் வலது கை வளையல்களைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் தோலைச் சுரண்டிப் பரிசோதித்தார்கள். முழங்கையில் நரம்பைத் தடவிப் பார்த்தார்கள். ஊசியால் குத்தினார்கள். ஒரு சோதனைக் குழாயில் சுடுதண்ணீர், ஒன்றில் குளிர்ந்த தண்ணீர், மாற்றி மாற்றி வைத்தார்கள். பெரிய டாக்டர் அம்மாவிடம், "நீங்க பயப்படுற நோய் இல்லம்மா. கிருமி இல்ல. நரம்பு நல்லா இருக்கு. தேமலும் இல்ல," என்றார். "பின்ன ஏன் சார் தெரியல?" என்று கேட்டான் அண்ணன். அவர் மறுபடி என் கையைத் திருப்பிப் பார்த்தார். "தெரியல தம்பி" என்றார்.

நோய் இல்லை என்ற சேதி குடியாத்தம் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன சேதி போய்விட்டது. கெங்கம்மாள் யாரோ ஒரு சொந்தக்காரரிடம், "பையனுக்கு இந்த வருஷம் நேரம் சரியில்லயாம்" என்று சொல்லியனுப்பினார். அம்மா எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாள். டாக்டர் சொன்னதை நம்புவதாகத்தான் சொன்னாள். ஆனால் டம்ளர் தனியாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம்தான் அண்ணன் அந்தப் பெட்டியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தான். கெஸ்ட் ஹவுஸில் சமையல் பார்த்த அமீர் பாஷா பாயைக் கண்டுபிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்தான். வயசானவர். பின்கட்டில் பெட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இத ஏன் தம்பி எடுத்தாந்தீங்க? இது ரஷீத் பாய் ஆடுன மிஷினாச்சே."

"யாரு பாய் அது?"

"ரஷீத் அஹமது. தோல சீவுற ஷேவிங் மிஷின்ல மேஸ்திரி. எழுவத்தாறுல இடது கை மிஷின்ல போயிட்ச்சி. முழங்கைக்குக் கீழ ஒண்ணும் இல்ல. அப்பறம் முதலாளி அவர கெஸ்ட் ஹவுஸ் பாத்துக்கச் சொல்லி வெச்சாரு. ராவு பகலு இதுலயே நிப்பாரு. ஒத்தக் கையால ஆடுவாரு. ரெண்டு ஆள் ஆட்டம் போட்டு, மொத ஆள் ஆட்டத்த சும்மா வுட்டுடுவாரு. 'அது என் லெஃப்ட் கை ஆட்டம் அமீர், அது வர்ற வரைக்கும் காத்துக்கினு நிக்கிறேன்'ம்பாரு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் மெல்லக் கேட்டான்.

"எப்ப செத்துப்போனாரு பாய்?"

"யாரு செத்தது?" என்றார் அமீர் பாஷா. "வேலைய வுட்டுட்டு மூணு நாலு வருஷமா பேரணாம்பட்டுல பொட்டிக்கட வெச்சிக்கினு நல்லா கீறாரு. கைதான் மௌத்தாப் போச்சு. எங்கள்ல அப்படியே தூக்கிப் போடமாட்டோம். வெள்ளத் துணில சுத்தி, கபரஸ்தான்ல சின்னதா குழி வெட்டி, அடக்கம் பண்ணோம். நாந்தான் சுத்தினேன்."

அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டான்.

"ஆனா ஒண்ணு," என்றார். என் கையை அவர் இன்னும் பார்க்கவில்லை. "ஆடி மாசத்துலேந்து அவர் ஒரு பேஜாரு. போன கை திரும்பி வந்துட்ச்சின்றாரு. கண்ணுக்குத் தெரியலயாம், ஆனா கீதாம். மத்தியானமானா ஈர மாவு ஒட்டுதாம். ஒரு நாள் சூடான கல்லத் தொட்டாப்பல கத்தினாரு. போன மாசம் கடையில ஆளுங்க நிக்கிறப்பவே, யாரோ உள்ளங்கையில குண்டூசி வெச்சி அழுத்துறாங்கன்னு கெடந்து துடிச்சாரு. பயித்தியம்னு பசங்க சிரிக்கிறாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அண்ணன் அமீர் பாஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அடுத்த ஞாயிறு அவர் ரஷீத் பாயைக் கூட்டிவந்தார். எங்களைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லையாம். பெட்டியைப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். உயரமான மனிதர். தாடி பாதி நரைத்திருந்தது. சட்டையின் இடது கை முழங்கைக்குக் கீழே காலியாகத் தொங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தார். "தண்ணி கொடும்மா" என்று கேட்டார். குரல் நன்றாக இருந்தது. பயப்பட வேண்டிய ஆளாகத் தெரியவில்லை.

தண்ணீர் கொடுத்துவிட்டு நான் டீ போட்டேன். கொதிக்கக் கொதிக்க டம்ளரில் ஊற்றினேன். தட்டில் வைத்துக் கொண்டுபோகவேண்டும். வைக்கவில்லை.

அவருக்கு எதிரில் போய் நின்றேன். டம்ளரை என் இடது உள்ளங்கையில் வைத்தேன். விரல்களை மூடினேன்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவர் நாற்காலியிலிருந்து துள்ளினார். வலது கை போய்க் காலிச் சட்டைக்கையைப் பிடித்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அப்புறம் நிமிர்ந்தார். டம்ளரைப் பார்த்தார். டம்ளரைப் பிடித்திருக்கும் என் விரல்களைப் பார்த்தார்.

நான் மெல்ல விரல்களைத் திறந்து டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவர் மூச்சு விட்டார்.

"பாய்... ஏதாவது பண்ண முடியுமா பாய்? எந்தங்கச்சி கை பாய்..." என்றான் அண்ணன்.

அவர் எழுந்தார். என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிடுவார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எப்படிக் கொடுப்பார் என்று தெரியாது. ஆனாலும் நினைத்தேன். அவர் காலிச் சட்டைக்கையை வலது கையால் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அமீர் பாஷா கூப்பிட்டார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி, தெருமுனை திரும்பிப் போய்விட்டார்.